முன்பணத்தை மிஞ்சும் முத்திரைத் தீர்வை

மெல்பர்னில் முதல் வீடு வாங்கும் ஒரு குடும்பம் 9 லட்சம் டாலருக்கு ஒரு வீட்டைப் பேசி முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய ஒன்றிய அரசின் 5 சதவீத முன்பணத் திட்டத்தில் வங்கிக் கடன் கிடைத்துவிட்டது. கையிலிருந்து போட வேண்டிய முன்பணம் 45,000 டாலர்தான். இத்தனை வருடம் சேர்த்த பணம் போதும் என்ற நிம்மதியோடு பத்திர வேலை பார்க்கும் கன்வேயன்சரிடம் போகிறார்கள். அவர் எழுதிக் கொடுக்கும் செலவுக் கணக்கின் முதல் வரியில் நிற்பது, விக்டோரியா மாநில அரசுக்குக் கட்ட வேண்டிய ஸ்டாம்ப் டியூட்டி: 49,070 டாலர். வீட்டுக்குப் போடும் முன்பணத்தைவிட 4,000 டாலர் கூடுதல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வது மெல்பர்னில் அப்படியே நடக்கிறது.

இந்தத் தீர்வைக்கு வங்கி தனியாகக் கடன் தராது. வீட்டு மதிப்பில் 95 சதவீதம்வரை ஏற்கெனவே கொடுத்தாயிற்று; அதற்கு மேல் ஒரு டாலரும் கிடையாது. அந்த 49,070 டாலர் ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடன் ஒப்புதல் இருந்தும் வீடு கைக்கு வராது.

சிட்னியிலும் மெல்பர்னிலும் நம்மவர்கள் கூடும் இடங்களில், கோயில் அன்னதான வரிசையாக இருந்தாலும் பிறந்தநாள் விருந்தாக இருந்தாலும், வீட்டுப் பேச்சு வராமல் இருக்காது. எந்தப் பேட்டையில் என்ன விலை, வட்டி ஏறுமா இறங்குமா, எவ்வளவு டெபாசிட் வைத்திருக்கிறீர்கள் என்று பேச்சு ஓடும். வீட்டை வாங்குவதற்கே ஆகும் செலவு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. குடும்பங்களைக் கடைசி நேரத்தில் கடன் அட்டைக்கும் நண்பர்களிடம் கைமாற்றுக்கும் தள்ளுவது பெரும்பாலும் அந்தச் செலவுதான். இது குடும்பங்களின் கவனக்குறைவு மட்டுமல்ல. ஒன்றிய அரசு ஒரு கணக்கிலும் மாநில அரசுகள் வேறு கணக்கிலும் நடப்பதால் வரும் வினையும்கூட.

2025 அக்டோபர் 1 முதல் 5 சதவீத முன்பணத் திட்டம் விரிவாக்கப்பட்டது. வருமான வரம்பு எடுக்கப்பட்டது; ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற ஒதுக்கீடும் போயிற்று. வீட்டு விலை உச்சவரம்பு சிட்னிக்கு 15 லட்சம் டாலர், மெல்பர்னுக்கு 9.5 லட்சம் டாலர் என்று உயர்ந்தது. குடியுரிமை பெற்றவர்களோடு நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் சேரலாம். முன்பணம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் வங்கிகள் கேட்கும் அடமானக் காப்பீட்டை, அதாவது எல்எம்ஐயை, இத்திட்டத்தில் கட்ட வேண்டியதில்லை. மிச்ச 15 சதவீதத்துக்கு அரசு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கிறது. நல்ல திட்டம்தான். வாடகையில் கரைந்துகொண்டிருந்த பல குடும்பங்களுக்கு வழி திறந்திருக்கிறது.

ஆனால், மாநில அரசுகளின் தீர்வைச் சலுகை இந்த உச்சவரம்புகளுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. விக்டோரியாவில் முதல் வீடு வாங்குவோருக்கு 6 லட்சம் டாலர் வரைதான் முழு விலக்கு. அதற்கு மேல் சலுகை கரைந்துகொண்டே போய் 7.5 லட்சத்தில் தீர்ந்துவிடும். இந்த இரண்டு எல்லைகளும் 2017 ஜூலை 1 அன்று வகுக்கப்பட்டவை. ஒன்றிய அரசு 9.5 லட்சம் வரை வா என்று அழைக்கிறது. மாநில அரசு 7.5 லட்சத்தைத் தாண்டியவரிடம் முழுத் தீர்வையையும் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள 2 லட்சம் டாலர் இடைவெளியில்தான் மெல்பர்னின் ஏராளமான குடும்ப வீடுகள் விற்பனைக்கு வருகின்றன.

சலுகை கரையும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 6.9 லட்சத்துக்கு வாங்கினால் தீர்வை ஏறத்தாழ 21,900 டாலர். 7 லட்சத்துக்கு வாங்கினால் ஏறத்தாழ 24,700. விலை 10,000 ஏறும்போது தீர்வை 2,800 ஏறுகிறது. சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில் கூட்டம் நிற்கிறது. ஏலக்காரர் சுத்தியலை ஓங்கிக்கொண்டு “இன்னும் ஐயாயிரம் மட்டும்” என்கிறார். மனைவி கணவரைப் பார்க்கிறார், கணவர் கையைத் தூக்குகிறார். அந்த ஐயாயிரத்தோடு இன்னொரு 1,400 டாலரையும் அரசுக்குத் தர அவர் அந்த நொடியில் ஒப்புக்கொண்டுவிட்டார். முதல் ஐயாயிரத்தில் பெரும்பகுதியை 30 ஆண்டுக் கடனில் கட்டலாம். பின்னது ரொக்கம். ஏலத்துக்குப் போகும்போது ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் தீர்வை எவ்வளவு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

நியூ சவுத் வேல்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். 2023 ஜூலை 1 முதல் அங்கே 8 லட்சம் வரை முழு விலக்கு. 10 லட்சம் வரை சலுகை. அந்த 2 லட்சம் இடைவெளியில் தீர்வை சுழியத்தில் தொடங்கி ஏறத்தாழ 40,000 டாலர் வரை ஏறிவிடுகிறது. 9 லட்சம் டாலர் வீட்டுக்கு சிட்னியில் சுமார் 20,000; மெல்பர்னில் 49,000. ஆனால் சிட்னியில் 9 லட்சத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடுக்ககம்தான். தனி வீடு வேண்டும் என்று 12 லட்சத்துக்குப் போனால் 60,000 டாலர் முன்பணத்தோடு சுமார் 48,000 தீர்வையும் வந்து நிற்கும்.

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பும் பெற்றோருக்கு இது வியப்பாக இருக்கலாம். தமிழ்நாட்டில் மனையோ தனி வீடோ வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விகிதம் இங்கே உள்ளதைவிட அதிகம். இலங்கையில் முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். வேறுபாடு எதில் என்றால், தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று இருக்கிறது. கைமாறும் தொகைக்கும் பத்திரத்தில் ஏறும் தொகைக்கும் உள்ள தூரத்தை எல்லோரும் அறிவோம். ஆஸ்திரேலியாவில் அந்த மதிப்பு கிடையாது. கொடுத்த விலை முழுவதும் ஒப்பந்தத்தில் ஏறும், அந்த முழு விலைக்கும் தீர்வை. “ஊரில் அங்கே இங்கே பார்த்துச் சரிக்கட்டலாமே” என்று தொலைபேசியில் கேட்கும் அப்பாவுக்கு, இங்கே அதற்கு இடமே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஊரில் சொந்த வீடு இருக்கிறது, அதனால் முதல் வீட்டுச் சலுகை கிடைக்காதோ என்று நம்மவர்களில் பலர் தயங்குகிறார்கள். தேவையற்ற பயம். இரண்டு மாநிலங்களும் பார்ப்பது ஆஸ்திரேலியாவில் முன்பு வீடு வைத்திருந்தீர்களா என்பதை. மதுரையில் இருக்கும் பூர்வீக வீடோ, கோப்பாயில் சீதனமாக வந்த வீடோ கணக்கில் வராது. ஆனால் கணவன், மனைவி இருவரில் ஒருவர் திருமணத்துக்கு முன் இங்கே ஒரு அடுக்ககம் வாங்கி விற்றிருந்தால்கூடச் சிக்கல்தான். இன்னொன்று: சலுகை பெற்றவர் 12 மாதத்துக்குள் குடிபுகுந்து, தொடர்ந்து 12 மாதம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். முதலில் வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்று திட்டம் போடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மீறினால் தீர்வையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

தற்காலிக விசாவில் இருப்பவர்களின் நிலை வேறு. 2025 ஏப்ரல் 1 முதல், ஏற்கெனவே கட்டி முடித்துக் குடியிருந்த வீடுகளை வெளிநாட்டவர் வாங்க ஒன்றிய அரசு தடை விதித்திருக்கிறது. படிப்பு விசா, வேலை விசாவில் இருப்பவர்களும் அந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர்தான். புது வீடு வாங்கலாம் என்றால் வழக்கமான தீர்வைக்கு மேல் கூடுதல் தீர்வை உண்டு. விக்டோரியாவில் 8 சதவீதம். நியூ சவுத் வேல்ஸில் 2025 ஜனவரி முதல் 9 சதவீதம். நிரந்தர வசிப்புரிமைக் கடிதம் வரும்வரை வாடகையில் இருப்பதே மேல் என்பது என் கருத்து. அந்த 9 சதவீதத்தை எந்த விலை உயர்வும் சீக்கிரம் ஈடுகட்டாது.

தீர்வையை விட்டுவிட்டு மற்ற செலவுகளுக்கு வருவோம். சில்லறை போலத் தோன்றும். கூட்டினால் அப்படி இல்லை.

ஏலத்தில் வீடு எடுத்தால் அன்றே 10 சதவீதம் கட்டுவது வழக்கம். கையில் 5 சதவீதம் மட்டும் வைத்திருப்பவர், ஏலத்துக்கு முன்பே விற்பவரின் முகவரிடம் பேசி, 5 சதவீதம் போதும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வென்ற பிறகு வாசலில் நின்று தவிக்க நேரும். ஏலத்தில் எடுத்த வீட்டை மறுயோசனை செய்து விட்டுவிடவும் முடியாது. தனிப்பட்ட பேச்சில் வாங்கினால் நியூ சவுத் வேல்ஸில் 5 வேலை நாள், விக்டோரியாவில் 3 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் சிட்னியில் விலையில் 0.25 சதவீதமும் மெல்பர்னில் 0.2 சதவீதமும் இழக்க வேண்டும். ஏலத்துக்கு அந்த அவகாசமே இல்லை என்பதால் கட்டடப் பரிசோதனை, கரையான் பரிசோதனை எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்தாக வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் சில நூறு டாலர். வீடு உங்களுக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் போனதுதான். விளம்பரத்தில் 6.5 லட்சம் என்று போட்டுவிட்டு 7.4 லட்சத்துக்கு ஏலம் முடியும் வீடுகளை நம்பிப் போய், நாலைந்து தடவை பரிசோதனைக்குச் செலவழித்த குடும்பங்கள் எத்தனையோ. இப்படி விலையைக் குறைத்துக் காட்டுவது சட்டப்படி குற்றம். விக்டோரியா அரசு 2022-ல் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவை அமைத்தது. ஆனாலும் வாங்குபவர் இழந்த பரிசோதனைக் கட்டணத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

கன்வேயன்சர் கட்டணம் ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கும். பத்திர மாற்றுக் கட்டணம் நியூ சவுத் வேல்ஸில் ஒரே தொகை. விக்டோரியாவில் வீட்டு விலையோடு சேர்ந்து ஏறும். 9 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 2,000 டாலரை ஒட்டி வரும். பிறகு, மீதிப் பணம் கட்டி வீடு கைமாறும் செட்டில்மெண்டுக்கு ஓரிரு நாள் முன்பு ஒரு தாள் வரும். பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் பலரைத் திகைக்க வைப்பது அந்தத் தாள்தான். கவுன்சில் வரி, தண்ணீர்க் கட்டணம், அடுக்ககமானால் பராமரிப்புக் கட்டணம் என்று விற்பவர் முன்கூட்டியே கட்டிய தொகையில், நீங்கள் குடியேறும் நாளிலிருந்து உள்ள பங்கை நாள் கணக்குப் போட்டு உங்கள் தலையில் சேர்த்திருப்பார்கள். நியாயமான கணக்குதான். ஆனால் காலாண்டோ ஆண்டோ தொடங்கியவுடன் வாங்கினால், ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று போய்விடும். வீட்டுக் காப்பீடு எடுத்ததற்குச் சான்று இருந்தால்தான் வங்கி பணத்தை விடுவிக்கும். 2022 அக்டோபரில் மெல்பர்னின் மரிபிர்னாங் ஆறும், 2021-லும் 2022-லும் சிட்னியின் ஹாக்ஸ்பரி ஆறும் கரை உடைத்த பிறகு, வெள்ளம் வரக்கூடிய பகுதிகளில் காப்பீட்டுக் கட்டணம் எங்கோ போய்விட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த முகவரிக்குக் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். விலை மலிவாக இருக்கும் வீடு ஏன் மலிவு என்பது சில நேரம் அந்த ஒரு விசாரிப்பிலேயே தெரிந்துவிடும்.

வாடகை வீட்டை இடையில் காலி செய்தாலும் செலவு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தை அதன் முதல் காற்பகுதிக்குள் முறித்தால் 4 வார வாடகை; காலம் போகப் போக 3, 2, 1 வாரம் என்று குறையும். செட்டில்மெண்ட் தேதியை வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியோடு ஒட்டி வைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

பணம் அனுப்புவதில் ஒரு எச்சரிக்கை. கன்வேயன்சர் பெயரில் வரும் மின்னஞ்சலில் வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தால், பணம் அனுப்பும் முன் ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். முன்பணம் முழுவதையும் இப்படித் திருடரின் கணக்குக்கு அனுப்பிவிட்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

அடுக்ககம் வாங்குவோருக்கு விலைக்குள் அடங்காத இன்னொரு செலவு காத்திருக்கிறது. சிட்னியில் ஸ்ட்ராட்டா, மெல்பர்னில் பாடி கார்ப்பரேட் என்று நம்மவர்கள் சொல்லும் பராமரிப்புக் கட்டணம். காலாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் நிதியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. தமிழர்கள் நிறைந்த ஹோம்புஷுக்குப் பக்கத்தில், சிட்னி ஒலிம்பிக் பார்க்கில் இருக்கிறது ஓப்பல் டவர். 392 வீடுகள். 2018 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அதன் கான்கிரீட்டில் வெடிப்பு விழுந்து குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். புத்தம்புதுக் கட்டடம். ஆறு மாதம் கழித்து, 2019 ஜூன் 14 இரவு, சிட்னியின் இன்னொரு அடுக்ககமான மாஸ்கட் டவர்ஸின் 132 வீடுகளில் இருந்தவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. 2008-ல் கட்டிய அந்தக் கட்டடத்துக்கு உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. பழுதுபார்க்கும் செலவுக்குச் சிறப்பு வசூல் என்று வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழுந்தது. குடியிருக்க முடியாத வீட்டுக்குக் கடன் தவணையும் கட்டிக்கொண்டு, வேறிடத்தில் வாடகையும் கொடுத்துக்கொண்டு அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அல்லாடின. நியூ சவுத் வேல்ஸில் மூன்று மாடிக்கு மேற்பட்ட அடுக்ககங்களுக்கு, தனி வீடுகளுக்கு உள்ள கட்டுமானக் காப்பீடு பொருந்துவதில்லை என்பதைப் பலர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், ஹோம்புஷ் பக்கம் அடுக்ககம் பார்க்கிறவர்கள் இருநூறு, முந்நூறு டாலர் செலவழித்து ஸ்ட்ராட்டா அறிக்கையை வாங்கிப் படிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தைப் படித்தால் போதாது. கடந்த இரண்டு மூன்று ஆண்டுக் கூட்ட நிகழ்ச்சிக் குறிப்புகளைப் புரட்டுங்கள். நீர்க்கசிவு என்ற சொல் மீண்டும் மீண்டும் வருகிறதா, பால்கனியில் நீர்த்தடுப்பு வேலை ஒத்திப்போடப்பட்டுக்கொண்டே வருகிறதா, வெளிச்சுவர்ப் பலகைகளை மாற்ற அரசு உத்தரவு வந்திருக்கிறதா, கட்டுநர்மீது வழக்கு இருக்கிறதா, மின்தூக்கிக்கு எத்தனை வயது. பராமரிப்புக் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வது தவறு. நூறு வீடு உள்ள கட்டடத்தில் மூலதன நிதியில் சில ஆயிரம் டாலர்தான் மிச்சம் என்றால், அடுத்த சிறப்பு வசூல் உங்கள் காலத்தில்தான் வரும். மெல்பர்னின் டாக்லேண்ட்ஸில் 2014 நவம்பரில் லக்ராஸ் கட்டடத்தின் வெளிச்சுவர் வழியே தீ மளமளவென்று மேலேறியதிலிருந்து அங்கேயும் இதே விழிப்பு தேவைப்படுகிறது.

மெல்பர்னின் மேற்கே டார்னீட், டுருகனினா, தென்கிழக்கே கிளைட், கிரான்போர்ன் என்று போனால் வேறு கதை. மனையை ஒருவரிடமும் கட்டுமானத்தை இன்னொருவரிடமும் வாங்கும் ‘ஹவுஸ் அண்ட் லேண்ட்’ முறை. தீர்வை மனைக்கு மட்டும் என்பதால் அது பெரிய மிச்சம். புது வீடு 7.5 லட்சத்துக்குள் முடிந்தால் விக்டோரியா அரசு முதல் வீட்டு மானியமாக 10,000 டாலரும் தருகிறது. ஆனால் மாதிரி வீட்டின் சுவரில் எழுதியிருக்கும் விலையில் நீங்கள் அங்கே பார்க்கும் பாதிப் பொருள் கிடையாது. மாதிரி வீட்டின் கிரானைட் மேடை, உயர்ந்த கூரை, குளிரூட்டி எல்லாமே தனிக் காசு. வேலி, கார் நிறுத்தும் பாதை, முன்தோட்டம், சன்னல் திரை, கொசுவலை, சில நேரம் தபால் பெட்டிகூட விலையில் சேராது. மெல்பர்னின் மேற்குச் சமவெளி பழைய எரிமலைக் குழம்பு படிந்த நிலம். தோண்டினால் கருங்கல், மேலே ஈரத்துக்கு வீங்கிக் காய்ந்தால் சுருங்கும் களிமண். அடித்தளத்துக்கு ஆகும் செலவு மண் பரிசோதனைக்குப் பிறகுதான் தெரியும். ஒப்பந்தத்தில் அந்தத் தொகை நிலையாக எழுதப்பட்டிருக்கிறதா, மதிப்பீடாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பீடு என்றால் பிறகு ஏறும். நம் வீட்டுப் பெண்கள் கேட்கும் தாளிப்பு வாசம் வெளியே போகிற இரண்டாம் சமையலறை, பூஜை அறைக்கு ஒரு மூலை, இவற்றையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே வரைபடத்தில் சேர்த்து விலை பேசிவிட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கேட்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டுநர் வைத்ததுதான் விலை.

வீடு எழும்பும் காலத்தில் அடித்தளம், சட்டகம், பூட்டும் நிலை என்று கட்டம் கட்டமாக வங்கி பணம் விடும்; விட்ட பணத்துக்கு வட்டியும் ஓடத் தொடங்கும். நீங்கள் இன்னும் வாடகை வீட்டில் இருப்பீர்கள். ஆறேழு மாதத்துக்காவது இரட்டைச் செலவு என்று ஒதுக்கி வையுங்கள். 2023 மார்ச் 31 அன்று மெல்பர்னின் போர்ட்டர் டேவிஸ் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் திவாலானபோது ஏறத்தாழ 1,700 வீடுகள் பாதியில் நின்றன. முன்பணம் வாங்கும்போதே எடுத்திருக்க வேண்டிய காப்பீட்டை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு நிறுவனம் எடுக்கவே இல்லை என்பதும் அப்போது வெளிவந்தது. மாநில அரசு தலையிட்டு அவர்களின் முன்பணத்தை ஈடு செய்தது. ஒவ்வொரு தடவையும் அரசு அப்படி வரும் என்று நம்பியிருக்க முடியாது. காப்பீட்டுச் சான்றிதழை உங்கள் பெயரில், உங்கள் முகவரிக்கு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதை வழங்கிய நிறுவனத்திடமும் சரிபார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

5 சதவீதத் திட்டத்துக்கு வெளியே நின்று 20 சதவீதத்துக்குக் குறைந்த முன்பணத்தில் வாங்குவோர் எல்எம்ஐ கட்ட வேண்டும். 9 லட்சம் டாலர் வீட்டுக்கு அது பல்லாயிரம் டாலர். அந்தக் காப்பீடு உங்களுக்கு அல்ல, வங்கிக்கு. நீங்கள் தவணை தவறி வீடு நட்டத்துக்கு விற்கப்பட்டால் வங்கிக்குப் பணம் கிடைக்கும். காப்பீட்டு நிறுவனம் அந்தப் பணத்தை உங்களிடம் கேட்டு வரலாம். திட்டத்துக்குள் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 9 லட்சம் வீட்டுக்கு 5 சதவீதம் போட்டால் கடன் 8.55 லட்சம், 20 சதவீதம் போட்டால் 7.2 லட்சம். 30 ஆண்டு, 6 சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை 5,126 டாலருக்கும் 4,317 டாலருக்கும் உள்ள வேறுபாடு அது. மாதம் 800 டாலர். 2022 மே முதல் 2023 நவம்பர் வரை ரிசர்வ் வங்கி 13 தடவை வட்டியை ஏற்றி 0.10 சதவீதத்திலிருந்து 4.35 சதவீதத்துக்குக் கொண்டுபோன காலத்தில், விளிம்பில் வாங்கியவர்கள் பட்ட பாட்டை நம் பலரின் வீடுகளிலேயே பார்த்தோம்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு எப்படிக் கணக்குப் போடுவது? நம் வழக்கம், வீட்டைப் பார்த்துவிட்டு முன்பணத்தை எண்ணுவது. அதைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு தம்பதியிடம் 1.2 லட்சம் டாலர் இருக்கிறது என்று வைப்போம். முதலில் மூன்று மாதத் தவணைக்கு என்று 15,000 எடுத்து வேறு கணக்கில் போடட்டும். அது வீட்டுக்கு இல்லை. இடம் மாறுவது, பூட்டு மாற்றுவது, ஓட்டை அடைப்பது, குளிர்சாதனப் பெட்டி என்று 5,000. கன்வேயன்சர், பரிசோதனைகள், பத்திர மாற்றம், கவுன்சில் கணக்கு, காப்பீடு என்று 8,000. மிச்சம் 92,000. இதுதான் முன்பணமும் தீர்வையும் சேர்ந்த தொகை. மெல்பர்னில் இதைக் கொண்டு 8.8 லட்சம் வரை போகலாம்: முன்பணம் 44,000, தீர்வை 47,870, கையில் ஒன்றும் மிஞ்சாது. 7 லட்சம் வீடு என்றால் 5 சதவீத முன்பணமும் தீர்வையும் சேர்ந்து 59,700. 32,000 டாலர் மிஞ்சும், அதையும் முன்பணத்தில் சேர்க்கலாம். 6 லட்சத்துக்கு ஒரு சிறு வீடோ அடுக்ககமோ போதும் என்றால் தீர்வை கிடையாது. 92,000 முழுவதும் முன்பணம், 15 சதவீதம். ஒரே சேமிப்புதான். ஒரு வீட்டில் அதில் பாதிக்கு மேல் அரசுக்குப் போகிறது, இன்னொன்றில் முழுவதும் உங்கள் வீட்டில் தங்குகிறது. எல்லோரும் 6 லட்சத்துக்குள் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளும் வயதான மாமியாரும் இருக்கும் குடும்பம் இரண்டு அறை அடுக்ககத்தில் அடங்காது. ஆனால் இந்த மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் யாரும் ஏலத்தில் கையைத் தூக்கக் கூடாது.

ஊரிலுள்ள பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. மனையை விற்றுப் பிள்ளைக்கு அனுப்பும் பணம் கடைசி நாளில் வந்தால் பயனில்லை. அது எங்கிருந்து வந்தது, கடனா அன்பளிப்பா என்று வங்கி கேட்கும். எழுத்தில் தர வேண்டும். இந்தியாவிலிருந்து அனுப்பினால் ஆண்டு வரம்பும், வங்கி பிடித்துக்கொள்ளும் வரியும் உண்டு. உங்கள் முதுமைக்கான பணத்தை முழுவதும் அனுப்பிவிட்டு இங்கே பிள்ளையின் தவணையை நம்பி இருக்காதீர்கள்.

இவ்வளவு சுமையையும் குடும்பங்களின் கெட்டிக்காரத்தனத்தில் மட்டும் விடுவது நியாயம் இல்லை. வீடு வாங்கும் நாளில் மொத்தமாகப் பறிக்கும் இந்தத் தீர்வையை ஒழித்து நில வரியாக மாற்ற வேண்டும் என்று கென் ஹென்றி தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழு 2010-லேயே சொன்னது. கான்பரா அமைந்துள்ள தலைநகர்ப் பகுதி அரசு 2012-ல் தொடங்கி இருபது ஆண்டுத் திட்டமாக அதைச் செய்துவருகிறது. நியூ சவுத் வேல்ஸில் டொமினிக் பெரோட்டே அரசு, முதல் வீடு வாங்குவோர் விரும்பினால் தீர்வைக்குப் பதில் ஆண்டுதோறும் 400 டாலரும் நில மதிப்பில் 0.3 சதவீதமும் கட்டலாம் என்ற வழியை 2023 ஜனவரியில் திறந்தது. அடுத்து வந்த கிறிஸ் மின்ஸ் அரசு அதே ஆண்டு ஜூன் 30 அன்று அதை மூடி, விலக்கு வரம்பை உயர்த்தியது. மூடியது தவறு என்றே நினைக்கிறேன். 8 லட்சத்துக்குக் கீழே தனி வீடு கிடைப்பது அரிதான சிட்னியில், ஒரேயடியாக 40,000 டாலர் கட்ட முடியாத செவிலியருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் அந்த வழி உதவியிருக்கும்.

விக்டோரியாவில் நிலைமை இதைவிட மோசம். 2017-ல் போட்ட 6 லட்சம், 7.5 லட்சம் கோடுகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. 2025 மே மாதம் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பிராட் பேட்டின், முதல் வீட்டுக்கு 10 லட்சம் வரை தீர்வையை எடுத்துவிடுவதாக அறிவித்தார். யார் ஆட்சிக்கு வந்தாலும் குறைந்தது ஒன்றிய அரசின் 9.5 லட்சம் வரம்போடு மாநிலச் சலுகையைப் பொருத்தியே ஆக வேண்டும். 2026 நவம்பர் 28 அன்று விக்டோரியாவில் தேர்தல். 2027 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸில். 2021 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் அதிகம். வேட்பாளர்கள் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கும் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கும் பொங்கல் விழா மேடைகளுக்கும் வருவார்கள். மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு விட்டுவிடாமல், முன்பணத்தைவிட வரி அதிகமாக இருப்பதை எப்போது மாற்றுவீர்கள் என்று தேதி கேளுங்கள்.